சர்க்காரின் வக்கீல் யாருக்கு வக்கீல்?

மாநிலத்தின் அட்வகேட் ஜெனரல் யார் என்று உடுமலைப்பேட்டைச் சந்தையிலே பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். அதிலே வியப்பதற்கு ஒன்றுமில்லை. மந்திரியின் பெயர் சுவரிலே இருக்கிறது. எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறார். கலெக்டரைக் குறைதீர்க்கும் நாளிலாவது பார்க்க முடிகிறது. சென்னை ஐகோர்ட்டின் சிவப்புக் கட்டடத்துக்குள்ளே கறுப்பு அங்கி அணிந்து நிற்கும் ஒருவருக்கும், மடத்துக்குளத்துக் கரும்பு விவசாயிக்கும், உடுமலை நூற்பாலைத் தொழிலாளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் தோன்றும்.

சம்பந்தம் உண்டு. நிலத்துக்கு உச்சவரம்பு வைத்துச் சட்டசபை ஒரு சட்டம் போடுகிறது. மறுநாளே மிராசுதார் கோர்ட்டுக்குப் போகிறார். பின்தங்கிய வகுப்புப் பிள்ளைக்குக் கல்லூரியிலே இடம் ஒதுக்கி அரசு உத்தரவு போடுகிறது. அதுவும் கோர்ட்டுக்குப் போகிறது. அமராவதிக்கு வரும் தண்ணீரை மேலே உள்ள மாநிலம் மறிக்கிறது. அந்தத் தகராறும் கடைசியில் கோர்ட்டுக்குத்தான் போகிறது. அங்கே நம் சார்பில், சர்க்காரின் பெயரால், வாய் திறக்க வேண்டியவர் அட்வகேட் ஜெனரல். பல்லாயிரம் பேர் ஊர்வலம் போய், தடியடி பட்டு, சிறை சென்று பெற்ற சட்டம், ஒரு நாள் பிற்பகலில் ஐந்து நீதிபதிகளின் முன்னால் ஒரு மனிதரின் வாதத்திலே தொங்குகிறது. ஆகவே அந்த மனிதர் யார், எப்படிப்பட்டவர், எதை நம்புகிறவர் என்பது கட்சித் தொண்டனுக்குத் தேவையில்லாத விஷயம் அல்ல.

இதைப் பேசுவதற்குக் கொங்கு மண்ணிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலே உள்ள குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்திலே பிறந்து, கம்யூனிஸ்டாகிச் சிறை சென்று, பிறகு 1966இல் சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலாகி, அதன் பின் மத்திய மந்திரியாகி மறைந்த மோகன் குமாரமங்கலத்தைத்தான் சொல்கிறோம். அவரது வாழ்க்கையிலே நாம் ஏற்க வேண்டியதும் இருக்கிறது, எச்சரிக்கையாக ஒதுக்க வேண்டியதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

பதவியின் இலக்கணம்

முதலில் பதவியைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்திய அரசியல் சட்டத்தின் 165ஆவது பிரிவு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் அட்வகேட் ஜெனரல் இருக்க வேண்டும் என்கிறது. ஐகோர்ட் நீதிபதியாகும் தகுதி அவருக்கு இருக்க வேண்டும். நியமிப்பவர் கவர்னர். கவர்னர் விரும்பும் வரை அவர் பதவியில் இருப்பார் என்று எழுதியிருக்கிறது. நடைமுறையிலே அது மந்திரிசபை விரும்பும் வரை என்று பொருள்படும். அதனால்தான் ஆட்சி மாறினால் அட்வகேட் ஜெனரலும் மாறுகிறார். 177ஆவது பிரிவின்படி அவர் சட்டசபைக்குள்ளே வந்து பேசலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது. சர்க்காருக்குச் சட்ட ஆலோசனை சொல்வதும், சர்க்காருக்காக வாதாடுவதும் அவர் வேலை. ஒரு சட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று யாராவது வழக்குப் போட்டால் அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். பொதுத் தருமச் சொத்து பாழாகிறது என்றால் அதற்காக வழக்குத் தொடுக்கவும் சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்திலே இந்தப் பதவி நெடுங்காலம் வெள்ளையருக்கே உரியதாக இருந்தது. சென்னையிலே அந்த நாற்காலியில் முதலில் அமர்ந்த இந்தியர் வி. பாஷ்யம் ஐயங்கார். பின்னால் சங்கரன் நாயர், சிவசாமி ஐயர், சி.பி. ராமசாமி ஐயர், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் என்று பெரிய பெயர்கள் வரிசையாக வருகின்றன. எல்லோரும் மேதைகள்தான். ஆனால் அவர்கள் வாதாடியது யாருடைய சர்க்காருக்காக என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும்.

கொலை, கொள்ளை போன்ற கிரிமினல் வழக்குகளிலே சர்க்காருக்காக நிற்பவர் வேறு. அவர் பப்ளிக் பிராசிக்யூட்டர். 2016 மார்ச் 13 அன்று நம் உடுமலைப் பேருந்து நிலையத்தருகே, சாதி மறுத்து மணந்த ஓர் இளைஞன் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டானே, அந்த வழக்கை நடத்தியது அந்த வரிசை. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் ஐகோர்ட் அவர்களில் ஒருவரை விடுதலை செய்து, ஐவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. உடுமலைக்காரனுக்கு அந்த இரண்டு தேதிகளும் மனப்பாடம். கோர்ட்டிலே வழக்கு எப்படி நடத்தப்படுகிறது என்பது ஊரின் மானத்தையும் உயிரையும் தொடும் விஷயம் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கிரிமினல் வழக்குக்கு அது எவ்வளவு உண்மையோ, நிலம், நீர், படிப்பு, வேலை இவற்றைப் பற்றிய பெரிய வழக்குகளுக்கும் அவ்வளவு உண்மை. அந்தப் பெரிய வழக்குகளின் பொறுப்பாளிதான் அட்வகேட் ஜெனரல்.

ஜமீன் வீட்டுப் பிள்ளை

மோகன் குமாரமங்கலம் 1916 நவம்பர் 1 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை டாக்டர் பி. சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. அந்த மந்திரிசபையிலேதான் முத்தையா முதலியார் வகுப்புவாரி உத்தரவை நடைமுறைக்குக் கொண்டு வந்தார். தாய் ராதாபாய், மங்களூரில் தாழ்த்தப்பட்ட மக்களுக்காகப் பாடுபட்ட குத்முல் ரங்கராவின் மகள். 1930இல் முதல் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போனவர். சாதி கடந்த திருமணம் அது. மூத்த அண்ணன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் இந்தியத் தரைப்படைக்குத் தளபதியானவர். தங்கை பார்வதி கிருஷ்ணனைக் கோவைத் தொழிலாளிக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பஞ்சாலைத் தொழிலாளரோடு நின்று, 1957இலும் 1974 இடைத்தேர்தலிலும் 1977இலும் கோவையிலிருந்து பார்லிமெண்ட்டுக்குப் போனவர்.

மோகன் படித்தது ஈட்டன் பள்ளியிலே, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலே. பிரபுக்களின் பிள்ளைகள் படிக்கும் இடங்கள் அவை. கேம்பிரிட்ஜ் மாணவர் யூனியனுக்கு 1938இல் தலைவரானார். பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். அந்தப் படிப்போடு வந்த பிள்ளை ஐ.சி.எஸ். எழுதியிருக்கலாம், பெரிய கம்பெனிகளுக்கு வக்கீலாகிப் பணம் குவித்திருக்கலாம். ஆனால் அந்த நாட்களிலே இங்கிலாந்தில் படித்த ஜோதி பாசு, பூபேஷ் குப்தா போன்ற இளைஞர்களைப் போல் அவரும் கம்யூனிஸ்டாகித் திரும்பினார். உலகப் போர் மூண்டதும் தலைமறைவு வேலை. பி. ராமமூர்த்தி, சி.எஸ். சுப்பிரமணியம், ஆர். உமாநாத் ஆகியோரோடு சென்னைச் சதி வழக்கிலே அவரும் எதிரி. சர்க்கார் தரப்பு வக்கீல் ‘ராஜத் துரோகி’ என்று சுட்டிக் காட்டிய கூண்டிலேதான், பின்னாளில் அதே சர்க்கார் தரப்புக்குத் தலைமை ஏற்கப்போகிறவர் நின்றார்.

நாடு விடுதலை அடைந்த பின்னும் கதை எளிதாக முடியவில்லை. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபையிலே உள்துறையும் போலீசும் டாக்டர் சுப்பராயன் கையில். அந்தப் போலீஸ் வேட்டையாடிய கட்சியிலே அவருடைய மகன். 1949இல் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியே தடை செய்யப்பட்டது. ஒரே வீட்டிலே சர்க்காரும் சர்க்காரின் எதிரியும் இருந்தார்கள்.

அந்தக் காலத்திலே கொங்கு நாட்டுத் தொழிலாளி சட்டத்தை எப்படி அறிந்திருந்தான்? 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையம் ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். கயிறாகவும் விலங்காகவும்தான் சட்டம் அவனுக்கு அறிமுகமானது. அந்தச் சட்டத்தை அவன் பக்கம் திருப்ப முடியுமா என்பதே மோகன் குமாரமங்கலத்தின் தலைமுறை வக்கீல்கள் முன்னால் நின்ற கேள்வி.

வென்றதும் தோற்றதும்

அட்வகேட் ஜெனரலை எதைக் கொண்டு அளப்பது? எத்தனை வழக்கில் ஜெயித்தார் என்று கணக்குப் பார்ப்பது வக்கீல்களின் வழக்கம். நமக்கு அந்தக் கணக்கு போதாது. அரசியல் சட்டம் பிறந்த புதிதிலே சென்னை சர்க்காரின் பெயரால் நடந்த நான்கு வழக்குகளைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

1950 மே 19: ஏ.கே. கோபாலன் வழக்கு. விசாரணையில்லாமல் சிறையில் வைத்தது செல்லும் என்றது சுப்ரீம் கோர்ட். சென்னை சர்க்காருக்காக நின்ற அட்வகேட் ஜெனரல் கே. ராஜா ஐயர் ஜெயித்தார். தோற்றது குடிமகனின் சுதந்திரம்.

சரியாக ஒரே வாரம் கழித்து, மே 26: ரமேஷ் தாப்பர் வழக்கு. ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரிப் பத்திரிகை சென்னைக்குள் வரக்கூடாது என்று போட்ட தடை செல்லாது என்றது அதே கோர்ட். சர்க்கார் தோற்றது. பத்திரிகைச் சுதந்திரம் பிழைத்தது. நம்மைப் போன்ற ஏடுகள் இன்றும் அந்தத் தீர்ப்பின் நிழலிலே நிற்கின்றன.

1951 ஏப்ரல் 9: செண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரி இடங்களைப் பதினான்காகப் பகுத்து, பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பின்தங்கியவருக்கு இரண்டு, ஆதிதிராவிடருக்கு இரண்டு, பார்ப்பனருக்கு இரண்டு, கிறிஸ்துவருக்கு ஒன்று, முஸ்லிமுக்கு ஒன்று என்று வைத்த வகுப்புவாரி உத்தரவு கோர்ட்டுக்கு வந்தது. அட்வகேட் ஜெனரல் வி.கே. திருவேங்கடாச்சாரி, நலிந்த வகுப்பாரின் கல்வியைப் பேணுவது அரசின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 46ஆவது பிரிவே சொல்கிறதே என்று வாதாடினார். அந்தப் பிரிவு வெறும் வழிகாட்டு நெறி, அடிப்படை உரிமைக்கு அது கீழ்ப்பட்டது என்று ஏழு நீதிபதிகளும் தள்ளிவிட்டார்கள். உத்தரவு செத்தது. தமிழ்நாடு கொதித்தது. பெரியாரின் குரல் தெருவெங்கும் ஒலித்தது. இரண்டே மாதத்தில், ஜூன் 18 அன்று, அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து 15(4) என்ற உட்பிரிவு பிறந்தது. கோர்ட்டிலே தோற்ற வாதம் பார்லிமெண்ட்டிலே ஜெயித்தது.

1952 மார்ச் 31: வி.ஜி. ராவ் வழக்கு. மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது சர்க்கார். அதே திருவேங்கடாச்சாரி சர்க்காருக்காக வாதாடினார். தோற்றார். சங்கம் சேரும் உரிமை ஜெயித்தது. சங்கம் வைத்துப் பிழைக்கும் தொழிலாளிக்கு அந்தத் தோல்வி எவ்வளவு பெரிய லாபம் என்று சொல்ல வேண்டுமா?

ஒரே பதவி, இரண்டே ஆண்டுகள். ஜெயித்தபோது மக்கள் தோற்றதும் உண்டு, தோற்றபோது மக்கள் ஜெயித்ததும் உண்டு. ஆகவே அளவுகோல் வெற்றி தோல்வி அல்ல. சர்க்கார் எடுத்துச் செல்லும் வழக்கு நியாயமானதா, அந்த நியாயத்தைப் புரிந்துகொண்டு வாதாடும் ஆள் அங்கே இருக்கிறாரா, தவறான வழக்கென்றால் ‘இது நிற்காது, நிற்கவும் கூடாது’ என்று மந்திரியிடம் சொல்லும் துணிவு அவருக்கு இருக்கிறதா என்பவைதான் அளவுகோல்கள்.

கைதி ஏறிய மேடை

1966இல் பக்தவத்சலம் முதல் மந்திரியாக இருந்த காங்கிரஸ் ஆட்சி, மோகன் குமாரமங்கலத்தை அட்வகேட் ஜெனரல் ஆக்கியது. அண்ணன் தரைப்படைத் தளபதியான அதே ஆண்டு. ‘கம்யூனிஸ்டைக் காங்கிரஸ் விழுங்கிவிட்டது’ என்றார்கள் சிலர். ‘கம்யூனிஸ்டு காங்கிரசுக்குள்ளே நுழைந்துவிட்டான்’ என்றார்கள் வேறு சிலர். பின்னாளில் அவர் காங்கிரசிலேயே சேர்ந்துவிட்டார். அவரது பழைய தோழர்களிலே பலர் அதை மன்னிக்கவில்லை. அவர்களது கோபத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பதவிக்காக மட்டும் அலைந்தவர் என்று அவரைத் தள்ளிவிடவும் நாம் தயாரில்லை. காரணம் சொல்கிறோம்.

இந்தி எதிர்ப்புத் தீ மூண்ட 1965ஆம் ஆண்டிலே ‘இந்தியாவின் மொழி நெருக்கடி’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஈட்டனில் படித்தவர், மாநிலத்து மக்களின் மொழியிலேயே ஆட்சி நடக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார். தொழிலாளிக்கும் உழவனுக்கும் புரியாத மொழியிலே நடக்கும் ஆட்சி அவனுடைய ஆட்சி ஆகாது என்பது அவருக்கு விளங்கியிருந்தது. சென்னை ஐகோர்ட்டிலே தமிழ் வழக்காடு மொழியாக வேண்டும் என்று தமிழ்நாடு சட்டசபை 2006இல் தீர்மானம் போட்டது. அந்தக் கோரிக்கை இன்னும் டில்லியின் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறது. மொழியை நீதியோடு சேர்த்துப் பார்க்கும் பார்வை கறுப்பு அங்கி அணிந்தவர்களிடையே அபூர்வம்.

அவர் அட்வகேட் ஜெனரலாக இருந்தது சிறிது காலம்தான். 1967 மார்ச்சில் அண்ணா முதல் மந்திரியானார், ஆட்சி மாறியது. ஆனால் அந்தச் சிறிய காலம் இந்திய நில உரிமையின் தலையெழுத்து எழுதப்பட்ட காலம். ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று 1961இல் சென்னை சட்டசபை நில உச்சவரம்புச் சட்டம் போட்டது. 1964 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாதென்று வீழ்த்தியது. அதே ஆண்டு ஜூனில் பதினேழாவது திருத்தம் வந்து, நம் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையிலே வைத்து உயிர்ப்பித்தது. அந்தத் திருத்தமே செல்லாது என்று பஞ்சாப் நிலச்சுவான்தார்கள் வழக்குப் போட்டார்கள். அதுதான் கோலக்நாத் வழக்கு. 1967 பிப்ரவரி 27 அன்று பதினொரு நீதிபதிகளிலே ஆறு பேர், அடிப்படை உரிமையிலே பார்லிமெண்ட் இனிக் கைவைக்கக் கூடாது என்றார்கள். ‘இனி’ என்று சொன்னதாலே நம் உச்சவரம்புச் சட்டம் தப்பியது. ஒரு வார்த்தை மாறியிருந்தால் உழுதவன் கையிலே கிடைத்த கொஞ்ச நிலமும் போயிருக்கும். தப்பிய அந்தச் சட்டத்தைத்தான் 1970இல் தமிழ்நாடு சட்டசபை திருத்தி, உச்சவரம்பை 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைத்தது.

1951இல் திருவேங்கடாச்சாரி வாதாடித் தோற்றதும், 1967இல் கோலக்நாத் வழக்கிலே தோற்றதும் ஒரே கொள்கைதான்: ஏழை மக்களுக்கு அரசு செய்ய வேண்டிய கடமை, சிலரது சொத்துரிமைக்கும் சலுகைக்கும் கீழ்ப்பட்டதல்ல என்ற கொள்கை. மோகன் குமாரமங்கலம் இந்தத் தோல்விகளின் பொருளைப் படித்தார். கோர்ட்டிலே இந்த வாதம் ஏறாவிட்டால் பார்லிமெண்ட்டிலே ஏற்றுவது என்று முடிவு கட்டினார்.

மந்திரி நாற்காலியிலே

1971இல் புதுச்சேரி தொகுதியில் வென்று, இந்திரா காந்தி மந்திரிசபையிலே உருக்கு, சுரங்கத் துறையை ஏற்றார். அங்கே அவர் செய்ததைத் தொழிலாளி வர்க்கம் மறக்கக் கூடாது. ஜாரியா, ராணிகஞ்ச் பகுதிகளிலே தனியார் முதலாளிகள் நிலக்கரியை எலி வளை தோண்டுவது போலத் தோண்டி, தொழிலாளியை மண்ணுக்குள்ளே புதைத்துக்கொண்டிருந்த காலம். 1971 அக்டோபரில் உருக்காலைகளுக்கான நிலக்கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தைச் சர்க்கார் எடுத்தது. 1972 மே 1 அன்று அந்த 214 சுரங்கங்களும் நாட்டுடைமை ஆயின. 1973 மே 1 அன்று மற்ற நிலக்கரிச் சுரங்கங்கள் 711 நாட்டுடைமை ஆயின. இரண்டுமே மே தினம்! 1973 ஜனவரியில் இந்திய உருக்கு ஆணையம் பிறந்ததும் அவர் காலத்திலேதான். 1970இல் அடிக்கல் நாட்டப்பட்ட சேலம் உருக்காலைக்கு 1972இல் கம்பெனி அமைந்ததும் அவர் காலத்திலேதான்.

அதே நேரத்தில் அரசியல் சட்டத் திருத்தங்களுக்குப் பின்னால் இருந்த மூளைகளிலே அவர் ஒருவர். திருத்தங்கள் ஏன் தேவை என்று விளக்கி 1971இல் தனி நூலே எழுதினார். இருபத்தைந்தாவது திருத்தத்தின் வழியாக 31சி என்ற பிரிவு வந்தது. நாட்டின் செல்வம் சிலர் கையிலே குவியாமல் தடுக்கப் போடும் சட்டத்தை, சமத்துவ உரிமைக்கோ சொத்துரிமைக்கோ முரண் என்று சொல்லி வீழ்த்த முடியாது என்பது அதன் சாரம். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கிலே அந்தப் பிரிவின் முதற்பகுதியைச் சுப்ரீம் கோர்ட்டும் ஏற்றது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏழு நீதிபதிகள் தள்ளிய வாதம், அரசியல் சட்டத்தின் உள்ளேயே இடம் பிடித்தது. ஒரு வக்கீலின் வாழ்க்கைக்கு இதைவிடப் பெரிய சாதனை வேண்டியதில்லை.

சறுக்கிய இடம்

கதையை இங்கே முடித்துவிட்டால் சுகமாக இருக்கும். ஆனால் புகழ்மாலை தொடுப்பது நம் வேலை அல்ல.

கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த மறுநாள், ஏப்ரல் 25 அன்று, ஷெலத், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி, ஏ.என். ரே சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் சர்க்காருக்கு ஒவ்வாத தீர்ப்பு எழுதியவர்கள். மூவரும் பதவி விலகினார்கள். பார்லிமெண்ட்டிலே இந்த நியமனத்துக்காக எழுந்து வாதாடியவர் மோகன் குமாரமங்கலம். நீதிபதியின் சமூகப் பார்வையைப் பார்த்து நியமிக்கச் சர்க்காருக்கு உரிமை உண்டு என்றார். வயது மூப்பு மட்டுமே தகுதி ஆகாது என்று 1958இலேயே சட்டக் கமிஷன் சொல்லியிருக்கிறதே என்றார். அந்தக் கமிஷனின் தலைவராக இருந்த செதல்வாடே இந்த நியமனத்தைக் கண்டித்தார்.

கோலக்நாத் போன்ற தீர்ப்புகளைக் கண்டு அவருக்கு வந்த கோபம் நமக்குப் புரிகிறது. பணக்காரனின் சொத்துக்கு அரணாகக் கோர்ட் நின்ற காலங்கள் உண்டு. ஆனால் அந்தக் கோபத்துக்கு அவர் கண்ட மருந்து நோயைவிடக் கொடியது. வாதத்தால் நீதிபதியை மாற்றுவது வக்கீலின் தர்மம். சட்டத்தைத் திருத்தித் தீர்ப்பை மாற்றுவது பார்லிமெண்ட்டின் தர்மம். நீதிபதியையே மாற்றி வைத்துக்கொண்டால் அங்கே வக்கீலுக்கும் வேலையில்லை, குடிமகனுக்கும் கதியில்லை.

நடந்தது அதுதான். 1971 ஜூலையிலே அவர் அங்கம் வகித்த மந்திரிசபை ‘மிசா’ என்ற தடுப்புக் காவல் சட்டத்தைக் கொண்டு வந்திருந்தது. 1975இல் நெருக்கடி நிலை வந்தது. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவிலே தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். சென்னைச் சிறையிலே அடிபட்டுச் செத்தவர்களும் உண்டு. 1976 ஏப்ரல் 28 அன்று, அதே ஏ.என். ரே தலைமையிலான ஐந்து நீதிபதிகள் குழுவிலே நால்வர், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுப் போடும் உரிமை யாருக்கும் இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னா. அடுத்த ஆண்டு ஜனவரியிலே அவரும் தாண்டப்பட்டார். அந்தத் தீர்ப்பு தவறு என்று 2017இல்தான் சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதிகளைக் கூட்டி அறிவித்தது. நாற்பத்தொரு ஆண்டுகள்!

இதையெல்லாம் பார்க்க மோகன் குமாரமங்கலம் உயிரோடு இல்லை. 1973 மே 31 அன்று, சென்னையிலிருந்து சென்ற விமானம் டில்லியில் இறங்கும் முன் விழுந்து நொறுங்கியதில் மாண்டார். வயது 56. இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று யூகிப்பதிலே பயனில்லை. சிறைக் கம்பியின் குளிர்ச்சியை அறிந்த ஒருவர், ‘நம் ஆட்சிதானே, நம் நீதிபதிகள்தானே’ என்று நினைத்துத் திறந்துவிட்ட வழியிலே அடக்குமுறை உள்ளே வந்தது. அது மட்டும் வரலாறு.

அவர் கட்டிய நல்லதும் முழுதாக நிற்கவில்லை. நிலக்கரி நாட்டுடைமைச் சட்டம் 2018இல் நீக்கப்பட்டது. 2020 முதல் சுரங்கங்கள் தனியாருக்கு வணிகத்துக்காக ஏலம் போகின்றன. சட்டத்தின் மூலம் வந்தது சட்டத்தின் மூலமே போய்விடும். காவல் நிற்க மக்கள் இல்லையென்றால் எந்த மேதையின் சாதனையும் காகிதம்தான்.

நாம் கேட்க வேண்டியது

இனி நம் ஊருக்கு வருவோம். அமராவதி காவிரியின் கிளையாறு. காவிரி வழக்கு தஞ்சாவூர்க்காரனின் வழக்கு என்று உடுமலையிலே யாராவது நினைத்தால் அது தப்பு. 2007 பிப்ரவரி 5 அன்று நடுவர் மன்றம் கொடுத்த தீர்ப்பிலே தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. கேரளத்துக்கு 30 டி.எம்.சி. அந்த முப்பதிலே 3 டி.எம்.சி. நம் அமராவதி அணைக்கு நீர் கொண்டு வரும் பாம்பாற்றுப் படுகைக்கு உரியது. 2018 பிப்ரவரி 16 அன்று சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி. ஆக்கியது. குறைந்தது 14.75 டி.எம்.சி. தமிழ்நாட்டிலே நிலத்தடி நீர் இருக்கிறது என்பது காரணங்களிலே ஒன்று. நிலத்தடி நீரைப் பற்றி ஒரு வாதம் எடுபடுகிறதா இல்லையா என்பதிலே இத்தனை தண்ணீர் போகிறது, வருகிறது. டில்லியிலே பெரிய சீனியர் வக்கீல்கள் எழுந்து பேசலாம். ஆனால் புள்ளிவிவரத்தைத் தயார் செய்து, இன்ஜினீயரையும் வக்கீலையும் ஒரே மேஜையிலே உட்கார வைத்து, வழக்கை ஆண்டுக்கணக்கில் கட்டிக் காக்க வேண்டிய பொறுப்பு மாநில சர்க்காருக்கும் அதன் தலைமை வக்கீலுக்கும்தான். பரம்பிக்குளம் ஆழியாறு உடன்பாடும் 1970இல் கையெழுத்தான ஒரு காகிதம். திருமூர்த்தி அணையின் பாசனமே அந்தக் காகிதத்தின் வரிகளை நம்பி நிற்கிறது.

ஆகவே எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், ஏன், நம் கட்சியே ஆட்சியில் இருந்தாலும், அட்வகேட் ஜெனரல் நியமனம் வரும்போது தொண்டர்கள் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இவர் தலைவருக்கு வேண்டியவரா என்பதல்ல கேள்வி. ஏழைக்காகப் போடப்பட்ட சட்டத்தை, அது ஏன் போடப்பட்டது என்று உணர்ந்து வாதாடக் கூடியவரா? தொழிலாளி பாக்கிச் சம்பளம் கேட்டு வரும் வழக்கிலே, சர்க்கார் என்ற பெயரால் அப்பீலுக்கு மேல் அப்பீல் போட்டு அவனை அலைய வைக்காமல், ‘கொடுத்துவிடுங்கள்’ என்று அதிகாரியிடம் சொல்லக் கூடியவரா? எதிர்க்கட்சிக்காரனைச் சிறையில் வைக்கச் சர்க்கார் சட்டத்தை வளைத்தால், ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு அங்கியைக் கழற்றி வைக்கக் கூடியவரா?

முதல் கேள்விக்கு மோகன் குமாரமங்கலத்தின் வாழ்க்கை உரத்த குரலில் பதில் சொல்கிறது. நிலமும் நிலக்கரியும் யாருக்கு என்பதிலே அவருக்குக் குழப்பம் இருந்ததில்லை. மூன்றாவது கேள்வியிலே அந்தப் பதில் தடுமாறுகிறது. நல்ல எண்ணத்தோடு வந்தவன் கையிலே கொடுத்த அதிகாரமும், நாளை கெட்ட எண்ணத்தோடு வருபவன் கைக்குப் போகும். இதை மறந்தவர்களின் பிழைக்கு விலை கொடுத்தவர்கள் மந்திரிகள் அல்ல, மிசாவிலே அடிபட்ட தொண்டர்கள்.

கோர்ட் நம் பக்கம் வளைய வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நேராக நிற்கட்டும், போதும். நம் பக்கத்து நியாயத்தை நேராக நின்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பின்னால், தோற்றாலும் கலையாத மக்கள் கூட்டம் வேண்டும். 1951இலே அந்தக் கூட்டம் இருந்தது, அதனால் தோற்ற வழக்கு ஜெயித்தது. வக்கீலை நியமிப்பது சர்க்காரின் வேலை. கூட்டத்தைத் திரட்டிக் கலையாமல் காப்பது நம் வேலை.